பட்டன் டப்பாவில் இருந்த மாத்திரைகள்

என் நோய் முதலில் அளவு நோட்டில்தான் தெரிந்தது. திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை மட்டும்தான் தைப்பேன். வருகிறவர்களின் பெயரை எழுதி, அதற்குக் கீழே மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம் என்று குறித்துவைப்பேன். ஒரு நாள் எதற்கோ பழைய பக்கத்தைப் புரட்டினேன். ஆறு மாதத்துக்கு முன்னால் எழுதியது கொட்டை கொட்டையாக இருந்தது. நேற்று எழுதியது எறும்பு வரிசை மாதிரி இருந்தது. வரி தொடங்கும்போது ஒழுங்காக இருந்த எழுத்து, முடியும்போது பொடிப்பொடியாகியிருந்தது.

கண்ணாடியை மாற்றவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பண்டிகைத் துணி குவிந்து கிடந்த நேரம். கண்ணில் கோளாறா, கையில் கோளாறா என்று யோசிக்கக்கூட நேரமில்லை.

கையைக் கவனித்தது என் கணவர். அவர் எனக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாவா என்றுதான் கூப்பிடுவேன், இப்போதும் அப்படித்தான். அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை. ஒரு நாள் கடைத்தெருவில் எனக்குப் பின்னால் வந்தவர் கேட்டார்.

"இன்னா வசந்தா, ஒரு கைய ஆட்டிகினு வர, இன்னொரு கைய ஆட்டவே மாட்டேன்ற? கையில எதுனா வச்சிருக்கியா?"

"ஒண்ணும் இல்லியே பாவா."

"அப்பால ஏன் ஆட்டமாட்டேன்ற?"

அந்தக் கையை வேண்டுமென்றே ஆட்டி நடந்து பார்த்தேன். நாலு அடி ஆடியது. பிறகு தானாக நின்றுவிட்டது.

சென்னையில் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். ஊசியோ, குழாயோ எதுவும் இல்லை. விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்தார். பிறகு பார்க்கின்சன் நோய் என்றார். மூளையில் டோபமைன் (அசைவுகளை ஒழுங்காக நடத்தும் வேதிப்பொருள்) குறைந்துபோவதால் உடம்பு மெதுவாகி, தசை இறுகி, கை நடுங்குகிறதாம். குணமாக்க மருந்து இல்லை, ஆனால் நன்றாக வாழ மருந்து இருக்கிறது என்றார். இரண்டாவது பாதி என் காதில் விழவில்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊக்கு வைக்கவும் காஜா எடுக்கவும் முடியாத கையை வைத்துக்கொண்டு மிச்ச காலத்தை எப்படி ஓட்டுவது என்பதுதான் மனதில் ஓடியது.

அவர் எழுதித்தந்த மாத்திரையில் லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிற மருந்து) இருந்தது. காலை ஆறு, பதினொன்று, மாலை நாலு, இரவு ஒன்பது என்று நான்கு வேளை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடவேண்டும். பால், பருப்பு, முட்டை, கறி இவற்றோடு சேர்த்துப் போட்டால் சிலருக்கு மருந்து சரியாக உள்ளே போகாது. படுக்கையிலிருந்து சட்டென்று எழக்கூடாது, இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். சிறுநீரின் நிறம் கொஞ்சம் கருத்தால் பயப்படவேண்டாம். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் அன்றைக்கே இன்னொரு டாக்டரைத் தேடி ஓடியிருப்பேன்.

ஆரம்பத்தில் குமட்டலாக இருந்தது. பாவா மருந்துக் கடைக்குக் கிளம்பிவிட்டார். நல்லவேளை, டாக்டரின் சீட்டில் அடியில் எழுதியிருந்ததை, பார்க்க வந்திருந்த மகள் பவானி படித்தாள்: வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள் இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். ஃபோன் செய்து கேட்டோம். காலை மாத்திரையோடு உப்பு பிஸ்கட் ஒன்று தின்னச் சொன்னார்கள். பத்து நாளில் குமட்டல் போயே போய்விட்டது.

மூன்றாவது வாரம் ஒரு காலை, மாத்திரை போட்டு அரை மணி கழித்து, ஊசியில் நூல் கோத்தேன். ஒரே தடவையில் நுழைந்தது. கடையில் யாருமில்லை. கொஞ்ச நேரம் அழுதேன்.

இத்தோடு கதை முடிந்திருக்கவேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் நோய் இல்லை, நான்தான். இதே மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் வெட்கத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் குழந்தை இல்லை. மலை மேல் இருக்கிறவரிடம் வேண்டிக்கொண்டேன். பவானி பிறந்தாள். அன்று முதல் ஒவ்வொரு கிருத்திகைக்கும் விரதம். கிருத்திகை முருகனுக்கு உகந்த நட்சத்திரம், இருபத்தேழு நாளுக்கு ஒரு முறை வரும். அன்று சாயங்கால பூஜை முடிகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. இருபத்தொன்பது வருடமாக ஒரு கிருத்திகை தவறியதில்லை. காய்ச்சலிலும் இருந்திருக்கிறேன், மாமியார் செத்த வீட்டிலும் இருந்திருக்கிறேன். அதில் எனக்கு நிறையவே கர்வம் உண்டு.

தண்ணீரே கூடாது என்றால் மாத்திரையை எப்படி விழுங்குவது? கிருத்திகை அன்று காலை மாத்திரையையும், பதினொரு மணி மாத்திரையையும், நாலு மணி மாத்திரையையும் விட்டுவிட்டேன். மாதத்தில் ஒரு நாள்தானே, முருகன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். வீட்டில் சொன்னால் கத்துவார்கள், அதனால் சொல்லவில்லை. மாத்திரைக்கு மட்டும் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சொல்லாமல் இருப்பது அத்தனை சுலபமில்லை. பாவா வேலையிலிருந்து வந்ததும் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்ப்பார். அதனால் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துவிடுவேன். குப்பையில் போட மனசு வராது. மருந்தாயிற்றே. தையல் மிஷின் இழுப்பறையில் பட்டன் போட்டுவைக்கும் தகர டப்பா ஒன்று இருக்கிறது. அதற்குள் போட்டு மூடிவிடுவேன்.

டாக்டர் ஒரு தாள் கொடுத்திருந்தார். எந்த வேளை மாத்திரை போட்டேன், எந்த மணிநேரம் உடம்பு நன்றாக இருந்தது, எப்போது இறுகியது என்று தினமும் குறிக்கவேண்டும். உடம்பு இறுகியதை உள்ளது உள்ளபடி எழுதினேன். மாத்திரைக் கட்டத்தில் மட்டும் கிருத்திகை அன்றைக்கும் நான்கு டிக் போட்டேன். விரத நாளில் பொய் எழுதுகிறோமே என்று அப்போது தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

மூன்று மாதம் கழித்து டாக்டர் அந்தத் தாள்களை விரித்துவைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார்.

"மத்த நாள்ல நல்லா இருக்கீங்க. திடீர்னு ஒரு நாள் முழுக்க எழுந்திருக்கவே முடியலைன்னு எழுதியிருக்கீங்க, மறுநாளும் சரியா இல்ல. அன்னிக்கும் மாத்திரை ஒழுங்கா போட்டிருக்கீங்க இல்லையா?"

"ஆங், போட்டேங்க."

"ஒரு வேளைகூட விடலையே?"

"இல்லீங்க."

நான் சொன்னதை நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? மருந்து போதவில்லை என்று முடிவு செய்து, வேளைக்கு ஒரு மாத்திரை என்றிருந்ததை ஒன்றரை ஆக்கினார்.

அதற்குப் பிறகு கிருத்திகை அல்லாத நாட்களும் கெட்டுப்போயின. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் தோள் நெளியும், கால் தன் பாட்டுக்கு ஆடும், கழுத்து ஒரு பக்கம் இழுக்கும். தன்னிச்சை அசைவு (மருந்து அதிகமாகும்போது நாம் சொல்லாமலே உடம்பு நெளிவது) என்று அதற்குப் பெயர். எனக்கு அது அப்போது தெரியாது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்தேன். கத்தரிக்கோல் நேராக ஓடவில்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்து கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த பட்டு ரவிக்கை ஒன்றைக் கோணலாக வெட்டிவிட்டேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை, என் கையைப் பார்த்துவிட்டுத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கடையை மூடிவிடலாம் என்று அன்று பாவாவிடம் சொன்னேன். இன்னும் தீவிரமாக வேண்டிக்கொண்டால்தான் சரிப்படும் என்றும் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊர் எங்களுக்குச் சொந்தமில்லை. எல்லாச் சாலையும் காவடிதான். அசுவினி, பரணி, கிருத்திகை என்று மூன்று நாளும் விரதம் இருப்பதாக நேர்ந்துகொண்டேன். இராத்திரியில் ஒரு டம்ளர் பால் மட்டும். இந்தத் தடவை இரவு மாத்திரையையும் சேர்த்து விட்டேன். செய்வதை முழுசாகச் செய்யவேண்டும் என்ற வீம்பு. பாவாவுக்கு அந்த மூன்று நாளும் சிறப்பு ரயில்களால் வேலை நெருக்கடி. அட்டையைப் பார்க்கக்கூட அவருக்கு நேரமில்லை. பார்த்திருந்தாலும் அது காலியாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் உடம்பு கட்டை போலாகிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல். எச்சில் விழுங்க முடியவில்லை, புடவை முழுக்க வியர்வை. பதினோரு மணிக்குப் பாவா வந்து பார்த்தபோது நான் கண்ணை மட்டும் திறந்துகொண்டு கிடந்தேனாம். ஆம்புலன்ஸ் தெருமுனை வரைதான் வர முடிந்தது. காவடி எடுத்துப்போன கூட்டம் வழிவிட்டது. முன்பின் தெரியாத நாலு பேர் என்னைத் தூக்கிப்போய் வண்டியில் ஏற்றினார்கள். "அரோகரா" சத்தத்துக்கு நடுவில் போனது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஊர் மருத்துவமனையில் பணியிலிருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். காய்ச்சலைப் பார்த்தார், உடம்பு விறைப்பைப் பார்த்தார். அவர் பாவாவிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"பார்க்கின்சன் மாத்திரை சாப்பிடுறாங்கன்னு சொல்றீங்க. நடுவுல நிறுத்தினாங்களா?"

"இல்லம்மா. ஒரு வேள வுடமாட்டா. இதோ பாருங்க, டிக் பண்ணி வச்சிருக்கா."

அந்தத் தாளை நீட்டினார். நான் போட்ட டிக்குகள். அந்த டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியென்றால் இது ஏதாவது கிருமித் தொற்றாக இருக்கலாம், மூளைக் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்று பக்கத்திலிருந்த செவிலியரிடம் சொன்னார்.

அது என் காதில் விழுந்தது. பாதி புரிந்தது. நான் நிறுத்திவிட்டேன் என்று சொல்லவேண்டும். வாய் திறக்கவில்லை. என் வாழ்நாளில் எத்தனையோ பேச்சு பேசியிருக்கிறேன், கடைக்கு வருகிறவர்களைக் கேட்டால் தெரியும். அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. நான் எழுதிவைத்த பொய் என் புருஷன் கையில் சாட்சியாக இருக்கிறது. அதை நம்பி வேறு எதற்கோ வைத்தியம் பார்க்கப்போகிறார்கள். செத்துப்போவேன் என்று தெரிந்தது. என்னால் நான் சாகப்போகிறேன் என்பதுதான் பொறுக்கவில்லை.

அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்திருந்த பவானி அதற்குள் ரயிலேறி வந்துவிட்டாள். அவள் என் முகத்துக்குக் கிட்டே குனிந்தாள். எனக்கு வந்தது ஒரே ஒரு சொல்.

"டப்பா."

"இன்னா டப்பாம்மா?"

"சாப்பாட்டு டப்பாவா இருக்கும், பசிக்குதோ என்னமோ. மூணு நாளா விரதம்," என்றார் பாவா.

நான் மறுபடி முக்கினேன். பட்டன் என்று சொன்னேனாம். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று பாவா தலையில் அடித்துக்கொண்டார். பவானி அப்படி நினைக்கவில்லை. சின்ன வயதில் அந்த டப்பாவைக் கொட்டி விளையாடியவள். நான் ஏதோ ஒன்றை மறைத்துவைத்தால் எங்கே வைப்பேன் என்று அவளுக்குத் தெரியும். கூட்டத்துக்குள் நுழைந்து வீட்டுக்கு ஓடினாள். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, டாக்டர் மேஜையில் டப்பாவைக் கவிழ்த்தாள்.

ஊக்கும் பட்டனும் ஒரு பக்கம். ஒரு கைப்பிடி மாத்திரை ஒரு பக்கம்.

"நைனா, இத பாரு. இத்தன மாத்திரையும் அம்மா சாப்புடவே இல்ல!" என்று அப்பாவிடம் காட்டினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, கடுங்காய்ச்சல் வந்து, தசைகள் சிதையத் தொடங்கி, சிறுநீரகம் வரை பாதிக்கலாம். உயிரே போகலாம். அந்த டாக்டர் சென்னை டாக்டரை ஃபோனில் பிடித்தார். மூக்கு வழியாகக் குழாய் போட்டு, மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுத்தார்கள். நரம்பில் நீர் ஏற்றினார்கள். காய்ச்சலைத் தணித்துக்கொண்டே சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆறு நாள் வார்டு.

நினைவு தெளிந்ததும் பவானி எதிரில் உட்கார்ந்திருந்தாள். சண்டை போடக் காத்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"யாருக்காகம்மா இந்த விரதம்?"

"உனக்காகத்தாண்டி."

"எனக்காகன்னு சொல்லிகினு நீ செத்துப் போயிருந்தா, அப்பால நான் எப்டிம்மா உயிரோட இருப்பேன்? அத நெனச்சியா?"

நினைக்கவில்லை. இருபத்தொன்பது வருடத்தில் ஒரு முறைகூட அந்தப் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாவா சன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

நரம்பியல் டாக்டர் வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தப்பு என் பேர்லயும் இருக்கும்மா. விரதம் இருப்பீங்களான்னு நான் கேட்டிருக்கணும். திருத்தணிக்காரங்ககிட்ட கேக்காம விட்டுட்டேன்."

"இனிமே விரதமே கூடாதுங்களா?"

"அத நிறுத்துன்னு சொல்ற வேலை எனக்கில்ல. மாத்திரையும் தண்ணியும் ஒரு வேளைகூட நிக்கக்கூடாது. வெறும் வயித்துலயும் கெடக்கக்கூடாது, பழம் கிழம் சாப்பிடணும். அதுக்குள்ள எப்படி இருக்கணுமோ இருந்துக்குங்க."

பிறகு அந்தப் பழைய தாள்களை எடுத்து, கிருத்திகை நாட்களை மட்டும் பேனாவால் வட்டமிட்டார். இருபத்தேழு நாளுக்கு ஒரு வட்டம், பிசகாமல். சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது, நோயால் இறுகிக் கிடந்த கன்னம் இரண்டு பக்கமும் அசைந்ததை உணர்ந்தேன்.

மருந்தைப் படிப்படியாகப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார். மூன்று வாரத்தில் நெளிவு நின்றுவிட்டது. கத்தரிக்கோல் நேராக ஓடியது. நோய் முற்றியதாக நான் பயந்ததில் முக்கால்வாசி நானே செய்துகொண்டது என்று தெரிந்தபோது எனக்கு வந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல வராது. மலை மாதிரி தெரிந்தது பாதிக்குமேல் என் பொய். அதை எடுத்துவிட்டால், மிச்சமிருப்பது சுமக்கக்கூடிய எடைதான்.

உங்கள் மருந்தும் என் மருந்தும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. உங்கள் வேளையை உங்கள் டாக்டர் சொல்லட்டும். நான் சொல்வது ஒன்றுதான். விரதமோ, நோன்போ, உபவாச ஜெபமோ, நாட்டு மருந்தோ, வெளியூர்ப் பயணமோ, எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் விட்டுப்போனது என்றே எழுதுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகக் கூட்டவும் செய்யாதீர்கள். வேறு எதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தாலும் மாத்திரை நேரத்தை முதலில் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு வந்த முதல் கிருத்திகை அன்று, ஆறு மணிக்குப் பாவா தண்ணீர் டம்ளரோடு வந்தார். போடு என்று சொல்லவில்லை. டம்ளரை வைத்துவிட்டு நகரவும் இல்லை. இருபத்தொன்பது வருடத்தில் முதல் முறையாகக் கிருத்திகைக் காலையில் தண்ணீர் குடித்தேன். தொண்டையில் இறங்குவது தெரிந்தது. மலைப் பக்கம் பார்த்து, "குடிச்சிட்டேன், கோச்சிக்காத" என்றேன். பாவா ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தார்.

இப்போது என் நாள் நான்கு துண்டாக இருக்கிறது. முன்பெல்லாம் காலையில் எழுந்தால் இரவு வரை உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது அது எப்போது வரும், எப்போது போகும் என்று தெரிகிறது. பத்தரை மணிக்கு மேல் கை மெல்ல என்னைவிட்டு நகரத் தொடங்கும், எழுத்து சுருங்கும். பதினொன்றுக்கு அலாரம் அடிக்கும். மாத்திரை போட்டு அரை மணி சும்மா உட்காருவேன். முன்பு அந்த அரை மணியை வீண் என்று நினைத்திருப்பேன். இப்போது எனக்கு அதைவிடப் பிடித்த நேரம் இல்லை. போனது திரும்பி வருவதை உட்கார்ந்து பார்க்கிறேன், தினமும் நான்கு முறை.

கடைக்கு வருகிற பெண்களுக்கும் இது பழகிவிட்டது. நேற்று அம்மையார்குப்பத்திலிருந்து வந்த ஒருத்தி, அளவு கொடுக்க நின்றவள், அலாரம் அடித்ததும் தானே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஃபேனுக்கு அடியில் இருவரும் ஊர்க்கதை பேசினோம். கொஞ்ச நேரம் கழித்து என் விரல்களை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கை வந்துட்ச்சா?"

நான் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்தேன்.

"ஆங், வந்துட்ச்சு. எழுந்து நில்லு," என்றேன்.